பச்சைக் கோடு ஊரும் நேரம்

“பார்மேட் அடிச்சா சரியாயிடும்.” எங்கள் தொழிலுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்த வாக்கியம் இது. ஃபோல்டர் திறக்க நேரமாகிறது என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வரும். போய் உட்கார்ந்து மவுஸைத் தொடுவதற்கு முன்பே இந்த மருந்து வாயில் வந்துவிடுகிறது. பிள்ளையின் காதுகுத்து முதல் பாட்டியின் கடைசிப் படம் வரை இருக்கிற பெட்டி அது. எந்த ஃபோல்டர், எப்போது, எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்விகூடக் கேட்காமல் அதைத் துடைத்துப் போடச் சொல்கிறவரை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஃபோல்டர் மெதுவாகத் திறக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றுக்காகக் காத்து நிற்கிறது. எது, எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தென்காசி வட்டாரத்தில் இந்தப் புகாருக்கு ஒரு பருவமே உண்டு. ஜூனில் சாரல் விழத் தொடங்கினால் ஆகஸ்ட் வரை சொந்தபந்தம் வந்தபடி இருக்கும். மேலகரத்திலும் இலஞ்சியிலும் தங்கி, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒன்று விடாமல் குளிப்பார்கள். போனில் இடம் தீர்ந்ததும் படங்களையெல்லாம் தங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள். கடையநல்லூர் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கோடு வருவார்கள். ஆடிக் காற்றும் இதே மாதங்களில்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வந்து காற்றாலைகளைச் சுற்றுகிற அந்தக் காற்று, கரண்டையும் போகவைத்து வரவைத்து விளையாடும். யூபிஎஸ் பேட்டரி போன வீடுகளில் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். சாரலின் ஈரம் வீட்டுக்குள் சுவர் வரை ஏறியிருக்கும். படக்குவியல், கரண்ட் வெட்டு, ஈரம் மூன்றும் சேர்ந்து ஆவணி பிறந்ததும் எனக்கு அழைப்புகளாக வரும்.

மேலகரத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீடு. “முந்தியெல்லாம் தொட்ட ஒடனே தெறக்கும் தம்பி. இப்ப மேல பச்சைக் கோடு ஊந்துக்கிட்டே கெடக்கு. அடுப்புல பாலை வச்சுட்டு வந்து பாத்தாலும் படம் வரல. ஒருத்தர் வந்து பார்மேட் பண்ணணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. பண்ணிரவா?”

“இருங்க டீச்சர், மொதல்ல எது தெறக்கலைன்னு பாப்போம்” என்று உட்கார்ந்தேன்.

சி டிரைவில் எந்த ஃபோல்டரும் தாமதமில்லை. டி டிரைவில் ‘குற்றாலம்’ என்ற ஒன்று மட்டும்தான். உள்ளே துணை ஃபோல்டர் எதுவும் கிடையாது. ஆண்டாண்டாக வந்தவர்கள் கொட்டிய படங்களும் வீடியோக்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திறந்தேன், ஒரு நிமிடம் தாண்டியது. மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தேன், இந்தமுறை சட்டென்று வந்தது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து திறந்தேன், பழையபடி ஒரு நிமிடம். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், யாரும் செய்து பார்க்கலாம். இரண்டாவது தடவை வேகமாகத் திறந்தால், முதல் தடவை டிஸ்க்கிலிருந்து படித்தது ராமில் நின்றிருக்கிறது என்று பொருள். அப்படியானால் நேரம் போவது டிஸ்க்கிலிருந்து எதையோ ஏராளமாகப் படிப்பதில். இரண்டாவது தடவையும் அதே தாமதம் என்றால் சந்தேகம் வேறு பக்கம் போகவேண்டும்.

எதைப் படிக்கிறது? கோப்புப் பெயரும் அளவும் தேதியும் மட்டும் வேண்டுமென்றால், பல ஆயிரம் கோப்புகளுக்கும் அது சில விநாடி வேலை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு அந்த விவரங்களை ஓரிடத்தில் வரிசையாகவே வைத்திருக்கிறது. ஆனால் ஒரு ஃபோல்டரில் படங்களே அதிகம் என்று தெரிந்தால் விண்டோஸ் தானாகவே அதற்குப் ‘பிக்சர்ஸ்’ என்ற வார்ப்பை மாட்டிவிடும். அந்த வார்ப்பில் வருகிற தேதி, படம் எடுத்த தேதி. அது கோப்பின் உள்ளே, எக்ஸிஃப் என்கிற தலைப்பகுதியில் இருக்கிறது. அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தே ஆகவேண்டும். கல்யாண வீட்டில் மொய்க் கவர்களின் மேலே எழுதிய பெயரை மட்டும் வாசித்துப் போவதற்கும், ஒவ்வொரு கவராகப் பிரித்துத் தொகையைப் பார்த்துப் பெரிய தொகை முதலாக அடுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதில் எனக்கு மனசு கேட்காத ஒரு விஷயம் உண்டு. டீச்சரின் குவியலில் பெரும்பாதி வாட்ஸ்அப்பில் வந்த படங்கள். ஐஎம்ஜி என்று தொடங்கி, வந்த தேதியும் டபிள்யூஏ என்ற எழுத்துகளும் வரிசை எண்ணும் சேர்ந்த பெயர்கள். வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போதே அந்த எக்ஸிஃப் விவரத்தை நீக்கிவிடுகிறது. ஆக, கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, உள்ளே தேடி, ஒன்றும் இல்லை என்று கண்டு, மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. வீட்டுக்காரரைக் காத்திருக்க வைத்துவிட்டு இத்தனையும் நடக்கிறது.

இதற்கு ஏன் ஒரு நிமிடம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வீட்டு லேப்டாப்களில் இருக்கிற பழைய சுழலும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிவிநாடி. ஊசி உரிய தடத்துக்கு நகர இன்னும் 12 மில்லிவிநாடி போல ஆகும். கூட்டினால் ஒரு கோப்பைத் தொட 17 மில்லிவிநாடிக்குக் குறையாது. கோப்புகள் இங்குமங்கும் சிதறிக் கிடந்தால் 4,000 படத்துக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். அந்த டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. கேட்ட வேலையை அது தன் முழு வேகத்தில்தான் செய்துகொண்டிருக்கிறது. பார்மேட் அடித்து, படங்களைத் திரும்ப ஏற்றினாலும் இதே ஒரு நிமிடம்தான் ஆகும்.

செய்தது இவ்வளவுதான். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ். அங்கே ‘பிக்சர்ஸ்’ என்றிருந்ததை ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்று மாற்றி, பின்னால் உண்டாக்கும் துணை ஃபோல்டர்களுக்கும் பொருந்தும்படி கீழே உள்ள கட்டத்தில் டிக் அடித்தேன். வரிசையை ‘டேட் மாடிஃபைடு’ என்பதற்குக் கொண்டுவந்தேன். ரீஸ்டார்ட் செய்து திறந்தபோது டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொள்வதற்குள் பட்டியல் வந்துவிட்டது. ஒரு படமும் அழியவில்லை.

அதே வீட்டில் இன்னொன்றும் கண்டேன். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு ‘கிளீனர்’ மென்பொருளை யாரோ ஏற்றியிருந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் தெரிகிற சிறு படங்களின் சேமிப்பைக் குப்பை என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ‘தம்ப்ஸ்’ என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும், பலருக்கும் நினைவிருக்கும். விஸ்டாவிலிருந்து அந்தச் சேமிப்பு ஒரே இடத்துக்குப் போய்விட்டது. ஒரு முறை வரைந்த சிறு படத்தை மறுபடி வரையாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதை அழித்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் முழுதாகத் திறந்து, சுருக்கி, மறுபடி வரையவேண்டும். சுத்தம் என்ற பெயரில் தினமும் தாமதத்தை உண்டாக்கும் மென்பொருள்களை நான் எந்த வீட்டிலும் விட்டுவைப்பதில்லை. பாதியில் நின்றுபோன வீடியோ ஒன்று குவியலில் இருந்தாலும் சிறு படம் வரைகிற வேலை அதிலேயே தடுக்கி நின்றுவிடும். அப்படிப்பட்டவற்றைத் தேடி வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலே பல வீடுகளில் பிரச்சினை முடிகிறது.

இந்த ஒரு நிமிடத்துக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் மில்லர் 1968-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதன் கேட்டதற்குக் கணினி எத்தனை விநாடிக்குள் பதில் சொன்னால் அவன் எண்ணம் அறுபடாது என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. பின்னால் ஜேக்கப் நீல்சன் அதைச் சுருக்கிச் சொன்னார். பத்தில் ஒரு விநாடி என்றால் உடனே நடந்ததாகத் தோன்றும், ஒரு விநாடி வரை நினைப்பு தொடரும், பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். வீடுகளில் நான் பார்ப்பதும் அதுதான். பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தால் மனிதர்கள் படம் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். பேரனுக்கு அவன் அப்பா சிறு வயதில் சிற்றருவியில் நின்ற படத்தைக் காட்டலாம் என்று உட்கார்ந்த பெரியவர், பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். அந்தப் படம் டிஸ்க்கில் இருந்தும் இல்லாததற்குச் சமம். அதனால்தான் இந்த வேலையைச் சின்ன வேலை என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

குறிப்பிட்ட ஃபோல்டர் என்றில்லாமல், ஃபோல்டர்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலே திறக்கத் தாமதம் என்றால் அது வேறு கதை. ஐந்தருவி சாலையில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் முன்பு ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பியின் கம்ப்யூட்டரை இசட் டிரைவாக அண்ணன் கம்ப்யூட்டரில் இணைத்திருந்தார்கள். தம்பி வேலை மாறி வெளியூர் போய்விட்டார், இணைப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை ஜன்னல் திறக்கும்போதும் அண்ணன் கம்ப்யூட்டர், அங்கே இல்லாத அந்தத் தம்பியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், காத்திருந்து ஓய்ந்த பிறகுதான் மற்றதைக் காட்டியது. இசட் டிரைவை ‘டிஸ்கனெக்ட்’ செய்ததும் சரியானது. சமீபத்தில் திறந்தவை என்று விண்டோஸ் காட்டும் பட்டியலில் இப்படிப் போய்ச்சேர்ந்த இடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரலாற்றை அழித்து, ஜன்னல் ‘திஸ் பிசி’யில் திறக்கும்படி மாற்றிவிடலாம். டிவிடி டிரைவுக்குள் கீறல் விழுந்த பழைய கல்யாண சிடி கிடந்தாலும் இதே தாமதம் வரும். சும்மா இருந்தால் 20 நிமிடத்தில் டிஸ்க்கைத் தூங்கவைக்கும் பவர் அமைப்பு இருந்தால், காலையில் முதல் முறை மட்டும் சில விநாடி தாமதமாகும். அது நோயில்லை, விட்டுவிடலாம்.

போனைக் கேபிளில் மாட்டி அதன் ஃபோல்டரைத் திறந்தால் ஆமை வேகம் என்று புகார் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேபிளில் மாட்டினாலும் போன் கம்ப்யூட்டருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரிவதில்லை. எம்டிபி என்ற முறையில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் போனிடம் தனித்தனியாகக் கேட்டுத்தான் பட்டியல் போடுகிறது. அங்கேயே உட்கார்ந்து படம் பார்க்காதீர்கள். மொத்தமாக நகலெடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் பாருங்கள்.

இதுவரை சொன்னவற்றில் படங்களின் உயிருக்கு ஆபத்தில்லை. இனிச் சொல்வதில் உண்டு.

கடையநல்லூரில் ஒரு பெரியவர் வீட்டில், ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் முழுவதும் உறைந்துபோனது. மவுஸ் நகர்ந்தது, வேறு எதுவும் நகரவில்லை. மூடித் திறந்தாலும் அதே தாமதம், இரண்டாவது தடவை வேகம் என்ற பேச்சே இல்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டியது. ஆனால் படிக்கிற அளவு ஏறக்குறைய பூஜ்யம். பதில் தரும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடி. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். ஊசி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வருகிற சின்னத் தட்டல், சற்று இடைவெளி, மறுபடி தட்டல். படிக்க முடியாத ஒரு துண்டை டிஸ்க் விடாமல் படிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். ஈவென்ட் வியூவரில் டிஸ்க் பற்றிய 153-ஆம் எண் எச்சரிக்கை வரிசையாக நின்றது. செயல் தோற்றது, மறுபடி முயன்றேன் என்று விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பு அது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் எண்களைப் பார்த்தேன். ஐந்தாம் எண், மாற்றி ஒதுக்கிய துண்டுகள். சி5 என்று எழுதியிருக்கும் வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் துண்டுகள். இரண்டுமே பூஜ்யத்தில் இல்லை. கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தன்னைத் தானே ஸ்கேன் செய்கையில் முதல் பிழை கண்ட டிஸ்க், பிழை காணாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகிற வாய்ப்பு 39 மடங்கு என்று அதில் சொன்னார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லியது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களும் சுத்தமாகவே இருந்தன. எண் கெட்டிருந்தால் உடனே நம்பவேண்டும், எண் நன்றாக இருந்தால் அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

“பேரப்பிள்ளைங்க போட்டோ பூரா இதுலதான் இருக்கு தம்பி” என்றார் பெரியவர். இந்த நிலையில் செய்யக்கூடாதவை இரண்டு. டீஃப்ராக் ஓட்டக்கூடாது. துண்டு துண்டாக முழு டிஸ்க்கையும் சோதிக்கிற செக் டிஸ்க் ஓட்டக்கூடாது. மூச்சு வாங்குகிற டிஸ்க்கை அவை மேலும் ஓடவைக்கும். முதல் வேலை, தரவை வெளியே எடுப்பது. கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, கடையில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியில் விட்டேன். அது முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடத்தில் நின்று நேரத்தை வீணாக்காது, கடைசியில்தான் அங்கே திரும்பும். ஏறக்குறைய எல்லாப் படமும் வந்துவிட்டது. சில வீடியோக்கள் வரவில்லை. டிஸ்க்கை அவரிடமே திருப்பிக் கொடுத்து, இனி இதில் எதையும் வைக்காதீர்கள் என்று மேலே எழுதி ஒட்டினேன். அதைப் பார்மேட் அடித்து, கொஞ்ச நாள் ஓடவைத்து, மறுபடி படம் ஏற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம்.

எண் கெட்டிருக்கும் எல்லா டிஸ்க்கும் சாகப்போவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சி7 என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றம் டிஸ்க்கில் இல்லை, பெரும்பாலும் கேபிளில். குற்றாலத்தில் அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிற வீடுகளில் இதை நான் அதிகம் காண்கிறேன். சாரல் மாதங்களில் ஈரம் ஏறி, கேபிள் முனையின் தொடுபுள்ளிகள் மங்கிப்போகும். சாட்டா கேபிளை மாற்றினாலோ, இரு முனைகளையும் கழற்றி அழுத்தி மாட்டினாலோ போதும். எக்ஸ்பி காலத்தில் இதைவிட மோசம். ஐடிஇ கேபிளில் ஆறு பிழை சேர்ந்தால் விண்டோஸ் அந்த டிஸ்க்கைச் சத்தமில்லாமல் படிப்படியாகப் பிஐஓ என்ற பழைய நிதான முறை வரை இறக்கிவிடும், பிறகு தானாக ஏற்றாது. அந்நாளில் நல்ல டிஸ்க் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கும்.

கோளாறு விண்டோஸிலா, டிஸ்க்கிலா என்று பிரித்துப் பார்க்கத் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு நல்ல வசதி வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்ததே இல்லை. அதே ஃபோல்டரை அங்கே திறந்து பாருங்கள் என்பேன். லினக்ஸிலும் உறைந்தால் குற்றம் டிஸ்க்கிலோ கேபிளிலோ. அங்கே ஓடி, விண்டோஸில் மட்டும் ஊர்ந்தால் குற்றம் வார்ப்பிலோ, ஆன்டிவைரஸிலோ, ரைட் கிளிக்கில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒரு மென்பொருளிலோ. இப்போது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன், அந்த லேப்டாப் இல்லாத வீடுகளுக்கும் அதே சோதனை. அந்த அரசு லேப்டாப்களில் பல இன்றும் இந்த வட்டாரத்து வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், ஒரு கோப்பைத் தொட ஆகிற 17 மில்லிவிநாடி, ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

படங்களை வைக்கிற முறையில் வீட்டுக்காரர்களும் கொஞ்சம் உதவவேண்டும். ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களைக் குடும்பப் படங்களோடு கலக்காமல் தனியாக ஒதுக்கிவிடுங்கள். கேமரா நிறுவனங்கள் வகுத்துக்கொண்ட முறையிலேயே ஒரு ஃபோல்டரில் 9,999 படத்துக்கு மேல் எண்ணிட முடியாது. நம் வீட்டு ஃபோல்டருக்கு ஆயிரமே தாராளம்.

யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து பார்மேட் என்று சொன்னால், முதலில் இரண்டு கேளுங்கள். டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். படங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலை உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அவர் சம்மதிக்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்து வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.